முடவனின் ஊர்தி: நொண்டி நாடக மரபும் அணியத்தக்க இயந்திரக் கருவிகள் பற்றிய சொல்லாடலும்

ஆய்வுச்சுருக்கம்

பக்கவாதத்தாலும் தண்டுவடக் காயத்தாலும் செயலிழந்த கைகால்களுக்குப் பயிற்சி தரும் அணியத்தக்க இயந்திரக் கருவிகள் மறுவாழ்வு மருத்துவத்தில் இடம்பெற்று வருகின்றன. அவற்றைப் பற்றிய பொதுச் சொல்லாடல், எழ இயலாதிருந்தவர் எழுந்து நடந்தார் என்ற ஒரே கதையையே பெரும்பாலும் சொல்கிறது. இக்கதைக்கட்டு தமிழுக்குப் புதிதன்று. நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகை இதனையே தன் உயிராகக் கொண்டது. ஆயினும் உறுப்புக் குறையைப் பற்றித் தமிழில் வேறொரு மரபும் உண்டு. உறுப்பை மீளக் கேளாமல் இயக்கத்தைக் கேட்கும் அம்மரபைச் சங்கப் பாடல்களிலும் குச்சனூர்ச் சனீஸ்வரர் வழிபாட்டிலும் காணலாம். இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு, மறுவாழ்வுக் கருவிகளின் உண்மையான செயற்பாடு இரண்டாம் மரபையே சார்ந்தது என்பதையும், அவற்றை முதல் மரபின் மொழியில் பேசுவதால் விளையும் தீங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நொண்டி நாடகம், ஐயூர் முடவனார், குச்சனூர், புறச்சட்டகம், மறுவாழ்வு, மாற்றுத்திறனாளி.

முன்னுரை

தமிழில் உடற்குறை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பெயர்மாற்றத்தைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. ‘நொண்டி’, ‘முடவன்’ ஆகிய சொற்கள் நீங்கி ‘ஊனமுற்றோர்’ வந்ததும், அதுவும் நீங்கி ‘மாற்றுத்திறனாளி’ வந்ததும் பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளன. பெயர் மாறிய அளவுக்குக் கதை மாறியுள்ளதா என்ற வினா அத்துணை எழுப்பப்படவில்லை. ஒருவரை எச்சொல்லால் அழைக்கிறோம் என்பதைப் போலவே, அவரை எக்கதைக்குள் வைக்கிறோம் என்பதும் ஆய்வுக்குரியது. புதிய மருத்துவக் கருவிகள் வரும்போது அவற்றுக்கான மொழி வெற்றிடத்தில் பிறப்பதில்லை. முன்பே இருக்கும் கதைகள் அக்கருவிகளை ஏற்றுக்கொள்கின்றன. அவ்வாறு ஏற்றுக்கொண்ட கதை எது, ஏற்றிருக்க வேண்டிய கதை எது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல்.

1. குணமாகாத தெய்வம்

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்கு நடுவே சுரபி ஆற்றங்கரையில் அமைந்த ஊர் குச்சனூர். இங்குள்ள சுயம்பு சனீஸ்வரர் கோயிலில் சனி பரிவாரக் கோளாக நில்லாமல் மூலவராகவே வழிபடப்பெறுகிறார். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் நடைபெறும் திருவிழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

சனிக்கு நிகண்டுகள் தரும் பெயர்களுள் காரி, மந்தன், முடவன் ஆகியன குறிப்பிடத்தக்கவை. ‘சனைச்சரன்’ என்னும் வடசொல்லுக்கு மெல்லச் செல்பவன் என்பது பொருள். சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் எடுத்துக்கொள்வதால் ஓர் இராசியைக் கடக்க அக்கோளுக்கு ஏறக்குறைய 2½ ஆண்டுகள் ஆகின்றன. மூன்று இராசிகளின் காலமே ஏழரைச் சனி. வானில் கண்ட மந்த நடையைப் புராண மனம் கால்முடமாக வாசித்தது. அம்முடம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்குக் கதைகள் பலவுண்டு. அவற்றுள் எக்கதையிலும் சனியின் கால் குணமாவதே மையமாகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சூரியனின் தேரோட்டியான அருணனும் தொடையற்றவன் எனப் புராணங்கள் கூறும். அவன் நடப்பதில்லை, ஆயினும் உலகின் மிகப் பெரிய பயணத்தை நடத்துகிறான்.

குச்சனூர்க் கோயில் வழக்கில் வழங்கும் கதையும் குணமாதலைப் பற்றியதன்று. தினகரன் என்னும் மன்னனைச் சனி பற்றியபோது, அவனுடைய வளர்ப்பு மகன் சந்திரவதனன் இரும்பால் சனியின் உருவைச் செய்து, தந்தையின் துன்பத்தைத் தனக்குத் தருமாறு வேண்டினான். ஏழரை ஆண்டுத் துன்பம் ஏழரை நாழிகையாகக் குறைந்து அவனைச் சேர்ந்தது என்கிறது அக்கதை. நாழிகை 24 நிமிடம் எனக் கொண்டால் அது மூன்று மணி நேரம். துன்பம் மறையவில்லை, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குப் பகிரப்பட்டுத் தாங்கத்தக்க அளவுக்குச் சுருங்கியது. ‘சனியன்’ என்பதை வசைச்சொல்லாக்கிய அதே சமூகம், இத்தலத்தில் கால்முடமுள்ள தெய்வத்தை, அதன் முடத்தை மாற்ற முனையாமல், வணங்குகிறது. இம்முரண் உடற்குறை ஆய்வுக்கு ஒரு தொடக்கப்புள்ளி.

2. சங்கப் பாடல்களில் இரு முடவர்

குறுந்தொகையின் 60ஆம் பாடல் பரணர் பாடியது. தலைவன் தன்னை விரும்பாவிடினும் அவனைக் காண்பதே தன் நெஞ்சுக்கு இனிது என்கிறாள் தலைவி. அதற்கு உவமையாக, உயர்ந்த மலையில் தேனடையைக் கண்டு, இருந்த இடத்திலேயே உள்ளங்கையைக் குவித்துத் தேனை நோக்கிச் சுட்டி நக்கி இன்புறும் முடவன் காட்டப்படுகிறான். பிற்காலத்தில் இதே காட்சி, முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா என்னும் பழமொழியாயிற்று. பழமொழியில் முடவனின் ஆசை ஏளனத்துக்குரியது. சங்கப் பாடலிலோ அது தலைவியின் காதலுக்கு ஒப்பாகும் தகுதி பெற்றது. ஒரே உருவம் பெருமையிலிருந்து ஏளனத்துக்கு நகர்ந்ததை இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் உணரலாம்.

இரண்டாமவர் புலவரே. ஐயூர் முடவனார் பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. 399ஆம் பாடலில் அவர் தாமான் தோன்றிக்கோனிடம் எருது ஒன்றை வேண்டுகிறார். கால் முடமானவராதலின் தம் வண்டியை இழுக்கவே அதனைக் கேட்டார் என விளக்குவது மரபு. கேட்டதற்கு மேலாகவே மன்னன் மாடுகளை வழங்கினான். இப்பாடலின் வேண்டுகோள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. புலவர் தம் காலைப் பற்றி வருந்தவில்லை, குணத்தை வேண்டவுமில்லை. அவருக்கு வேண்டியது ஊரிலிருந்து ஊருக்குச் செல்லும் வழி. உடலைத் திருத்துவது வேறு, இயக்கத்தைப் பெறுவது வேறு என்னும் தெளிவு இங்குள்ளது. இதனை இக்கட்டுரை ‘ஊர்தி மரபு’ எனக் குறிக்கிறது.

3. நொண்டி நாடகத்தின் கதைக்கட்டு

நாயக்கர் காலத்திலும் அதனையடுத்தும் செழித்த நொண்டி நாடகம் இதற்கு எதிரான கதையைச் சொல்கிறது. ஒற்றைக் கால் நொண்டி ஒருவன் மேடையேறித் தன் கடந்த காலத்தைத் தானே ஆடிப் பாடிக் கூறுவது இதன் அமைப்பு. அவன் கள்வன், பொருளைப் பரத்தையிடம் இழந்தவன், குதிரை திருடப் புகுந்து பிடிபட்டு உறுப்பு வெட்டப்பட்டவன். இரக்கமுள்ள ஒருவர் அவனைத் திருத்தலம் நோக்கி ஆற்றுப்படுத்துகிறார். அங்கு இறையருளால் வெட்டுண்ட உறுப்பு மீள வளர்கிறது.

இக்கட்டமைப்பு சமய எல்லைகளைக் கடந்தது. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருளால் நிகழ்வது, சீதக்காதி நொண்டி நாடகத்தில் வள்ளல் சீதக்காதியின் ஆதரவோடு மக்கா சென்றபின் நிகழ்கிறது. கிறித்தவச் சார்பில் ஞான நொண்டி நாடகம் எழுந்தது. தெய்வம் மாறியும் கதை மாறாமை, இவ்வமைப்பு எவ்வளவு வலிமையாக வேரூன்றியது என்பதைக் காட்டும். நாடகம் மறைந்த பின்னும் அதன் இசைவடிவமான நொண்டிச் சிந்து வாழ்ந்தது. பாரதியார் ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’யை அவ்வடிவிலேயே பாடினார். தனியொரு கள்வனின் முடத்துக்குரிய மெட்டு ஒரு நாட்டின் தளர்ச்சிக்குரியதாயிற்று.

நொண்டி நாடகத்தின் மூன்று கூறுகள் இங்கு இன்றியமையாதன. முதலாவது, உறுப்புக் குறை தண்டனையாகக் கொள்ளப்படுகிறது. எனவே குணமாதல் ஒழுக்கத்தின் பரிசாகிறது. இரண்டாவது, இடைநிலைகளுக்கு இடமில்லை; நொண்டி ஓரளவு தேறுவதில்லை, முழுமையாக மீள்கிறான். மூன்றாவது, அரங்கியல் சார்ந்தது. மடக்கி ஆடிய காலை நடிகன் நீட்டியதும் குணம் நிகழ்ந்துவிடும். மேடையில் அதிசயம் எளிதாவதற்குக் காரணம், அக்கால் தொடக்கம் முதல் அங்கேயே இருந்தது என்பதே.

4. கருவிகள் செய்வன

அணியத்தக்க இயந்திரக் கருவிகளின் செயற்பாட்டை இப்பின்னணியில் காணவேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்கு இணையாக உடலின் வெளியே பொருத்தப்படும் மோட்டார்களும் உணரிகளும் கொண்டது இயந்திரப் புறச்சட்டகம். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் உருவாக்கிய ‘ஹால்’ என்னும் கருவி, தசையை இயக்க மூளை அனுப்பும் மின்குறிப்புகளைத் தோலின் மேற்பரப்பில் உணர்ந்து மூட்டுக்குத் துணைவிசை தருகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த அமித் கோஃபர் உருவாக்கிய ‘ரீவாக்’, தண்டுவடக் காயமுற்றோர் ஊன்றுகோல்களின் துணையோடு நடப்பதற்கானது. 2014இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

பக்கவாத மறுவாழ்வில் இத்தகைய இயந்திரங்களின் பணி, நடையைப் பரிசளிப்பதன்று, பயிற்சியைப் பெருக்குவது. சேதமடைந்த மூளை புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொள்ள ஓர் அசைவு பலமுறை, கவனத்தோடு, திரும்பச் செய்யப்பட வேண்டும். இயன்முறை மருத்துவரின் கைகள் தளரும் இடத்தில் இயந்திரம் அத்திரும்பச் செய்தலைத் தொடர்கிறது. இதன் பயன் குறித்த சான்றுகளும் ஒரே திசையில் இல்லை. இயன்முறைப் பயிற்சியோடு நடைப்பயிற்சி இயந்திரமும் சேரும்போது, துணையின்றி நடக்கும் நிலையை அடையும் வாய்ப்பு கூடுகிறது எனவும், பக்கவாதம் நேர்ந்த முதல் மூன்று மாதங்களில் உள்ளோரும் நடக்கவே இயலாதோரும் மிகுதியாகப் பயன்பெறக்கூடும் எனவும் காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. மாறாக, கைக்கான இயந்திரப் பயிற்சி குறித்துப் பிரிட்டனில் 770 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் அப்பயிற்சி கையின் செயற்பாட்டை மேம்படுத்தவில்லை என முடிவுரைத்தது.

ஆகவே இக்கருவிகளின் இயல்பு மந்தகதி. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்னும் வினாக்களுக்கு உட்பட்டே அவை பயன் தருகின்றன. நொண்டி நாடகம் விலக்கிய இடைநிலைகளே இங்கு முழுக் களமும்.

5. நாடகத்தின் மறுபிறப்பு

கருவிகளின் இயல்பு இவ்வாறிருக்க, அவை அறிமுகப்படுத்தப்படும் விதம் வேறாக உள்ளது. செய்திகளிலும் விளம்பரப் படங்களிலும் வழக்கமாக இடம்பெறும் காட்சி, சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பது. அடுத்து உறவினரின் கண்ணீர், முதல் அடி, கைதட்டல். அக்காட்சிக்கு முன்னிருந்த மாதங்களும் பின்வரும் ஆண்டுகளும் காட்டப்படுவதில்லை. பல செயல்விளக்கங்களில் கருவியை அணிந்து நடந்து காட்டுபவர் உடற்குறை இல்லாதவரே. மடக்கிய காலை நீட்டிக் காட்டும் மேடை உத்தியோடு இது ஒப்பிடத்தக்கது.

பழைய கதையில் பாவத்துக்கு இருந்த இடத்தை இன்று ‘தன்னம்பிக்கை’ பிடித்துக்கொண்டது. மனவுறுதி இருந்தால் நடக்கலாம் என்னும் வாசகம் ஊக்கமாகத் தோன்றினும், அதன் மறுபக்கம் கொடியது. நடக்க இயலாமற் போனவர் மனவுறுதி அற்றவர் என்ற தீர்ப்பு அதில் ஒளிந்துள்ளது. நரம்புச் சேதத்தின் அளவு முடிவுசெய்யும் ஒன்றை ஒழுக்கம் முடிவுசெய்வதாகக் காட்டுவதில், நொண்டி நாடகத்தின் முதற்கூறு அப்படியே தொடர்கிறது.

ரீவாக்கை உருவாக்கியவரின் வரலாறே இக்கதைக்கு மறுப்பாக நிற்கிறது. 1997இல் நேர்ந்த விபத்தால் அமித் கோஃபரின் கைகளும் கால்களும் செயலிழந்தன. ஊன்றுகோல் பிடிக்கக் கைவலிமை தேவைப்பட்டதால் தாம் உருவாக்கிய நடைக்கருவியை அவரால் பயன்படுத்த இயலவில்லை. பின்னர் அவர் உருவாக்கியது, அமர்ந்தவரை நிற்கச் செய்து அந்நிலையிலேயே நகர்த்தும் சக்கர நாற்காலி. பிறருக்கு நடையைத் தந்தவர் தமக்கு ஊர்தியைத் தேடிக்கொண்டார். நொண்டி நாடகத்தில் தொடங்கி ஐயூர் முடவனாரிடம் முடிந்த வாழ்க்கை இது எனலாம்.

இங்கு ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். நடக்க விரும்புவது இயல்பான விருப்பமன்றோ, அதனை ஏன் ஐயுற வேண்டும் எனக் கேட்கலாம். விருப்பம் இங்கு ஐயுறப்படவில்லை. பரணரின் முடவனும் தேனை விரும்பியவனே. நிற்பதாலும் நடப்பதாலும் எலும்பு வலிமை, இரத்த ஓட்டம், படுக்கைப்புண் தவிர்ப்பு முதலிய பயன்கள் கருதப்படுவதும் உண்மை. ஐயுறப்படுவது, நடை ஒன்றே மீட்சி என்றும் ஏனைய அனைத்தும் தோல்வி என்றும் வரையறுக்கும் கதைக்கட்டு மட்டுமே.

6. வேலூரும் சென்னையும்

ஊர்தி மரபு சங்கப் பாடலோடு முடிந்துவிடவில்லை. தமிழகத்தின் மறுவாழ்வு மருத்துவ வரலாறே அதற்குச் சான்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவானது. தம் கால்கள் மீளாத ஒருவர் பிறர் கைகளை மீட்டது நொண்டி நாடகக் கதைக்குள் அடங்காது. குணமாதலுக்குப் பின்னரே வாழ்வு தொடங்கும் என அவர் காத்திருக்கவில்லை.

அதே கல்லூரியின் உயிர்ப்பொறியியல் துறையும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து உருவாக்கிய ‘புளூட்டோ’ கைப்பயிற்சிக் கருவி இம்மரபின் இன்றைய வடிவம். மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் இது முழுமையான புறச்சட்டகமன்று. ஒரே மோட்டாரில் கைப்பிடிகளை மாற்றி மாட்டி, மணிக்கட்டை மடக்குதல், முன்கையைத் திருப்புதல், விரல்களை விரித்தல் முதலிய பயிற்சிகளைத் தனித்தனியே செய்யலாம். பல மூட்டுகளுக்குப் பல மோட்டார்கள் என்னும் பெருங்கனவைக் கைவிட்டு, ஒன்றைக் கொண்டு பலவற்றைச் செய்யும் சிக்கனமே இதன் சிறப்பு.

சென்னைக் கழகத்தின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் உருவாக்கி 2019இல் அறிமுகமான ‘அரைஸ்’ நாற்காலி, அமர்ந்தவர் தம் கைவிசையாலேயே எழுந்து நிற்க உதவுகிறது. அம்மையத்திலிருந்து தோன்றிய நியோமோஷன் நிறுவனத்தின் ‘நியோபோல்ட்’ இன்னும் நேரடியான ஒப்புமை தருகிறது. சக்கர நாற்காலியின் முன்புறம் மாட்டினால் அதனைச் சாலையில் ஓடும் வண்டியாக்கும் மோட்டார் இணைப்பு அது. வண்டிக்கு எருது கேட்ட ஐயூர் முடவனாரின் வேண்டுகோள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் பெற்ற விடை என இதனைக் கொள்வது மிகையாகாது.

ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. முடவனார் பெற்றது கொடை. கொடை மன்னனின் மனத்தைச் சார்ந்தது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பின், ஊர்தி வேண்டுதல் பாடலன்று, உரிமைக் கோரிக்கை. நொண்டி நாடகத்தின் அருளுக்கும் புறப்பாட்டின் கொடைக்கும் அப்பால் மூன்றாவது உறவு ஒன்று இங்குத் தோன்றியுள்ளது. அதற்கான இலக்கிய வடிவம் தமிழில் இன்னும் முழுமையாக உருவாகவில்லை.

7. குச்சனூரிலிருந்து நோக்குகையில்

கதையின் தேர்வு வெறும் சுவைத் தேர்வன்று என்பதை இடம் சார்ந்து நோக்கினால் உணரலாம். பெரும்பாலான நடைப் புறச்சட்டகங்கள் சமதளத்தையும் மின்னேற்றத்தையும் பயிற்சி பெற்ற துணையாளரையும் வேண்டுவன. குச்சனூரின் அன்றாட இயக்கமோ வயல்வரப்பிலும் ஆற்றுப்படியிலும் கோயில் வாசலிலும் நிகழ்வது. பக்கவாதத்துக்குப் பின் இத்தகைய ஊரில் வாழும் ஒருவருக்கு நகரப் பயிற்சிக்கூடத்தின் நேர்த்தளத்தில் எடுத்து வைத்த பத்தடி, ஊர் திரும்பியபின் எத்தனை அடியாக எஞ்சும் என்பதே வினா. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ வாரந்தோறும் சென்றுவருவது, நடக்க இயலாதவருக்கு அதுவே தனியொரு சிகிச்சைச் செலவு.

மந்தகதியான பயிற்சி வீட்டுக்கருகில் கிடைத்தால்தான் தொடரும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டுவாசலுக்குக் கொண்டுசெல்வதைத் தன் பணிகளுள் ஒன்றாக வைத்துள்ளது. எளிய பயிற்சிக் கருவி இயன்முறை மருத்துவரோடு பயணம் செய்யுமாயின், நோயாளி திருத்தலம் தேடிச் செல்லும் நொண்டி நாடகத்தின் பயணத் திசையே தலைகீழாகும்.

சந்திரவதனன் கதையும் இவ்விடத்தில் பொருள் பெறுகிறது. செயலிழந்தவரைத் தூக்கி, அமர்த்தி, குளிப்பாட்டும் பணி வீட்டில் பெரும்பாலும் பெண்கள் மேல் விழுகிறது. ஒரு கருவி நோயாளியை நடக்க வைக்காவிடினும், தானே புரண்டு படுக்கவும் எழுந்து உட்காரவும் உதவுமாயின் அது பராமரிப்பவரின் ஏழரை ஆண்டைச் சில நாழிகைகளாகச் சுருக்குகிறது. இப்பயன் முதல் அடியைப் படம்பிடிக்கும் கருவியில் பதிவதில்லை. நொண்டி நாடகக் கதை இதனைக் காண இயலாது. குச்சனூர்க் கதை காணும்.

முடிவுரை

உடற்குறை பற்றித் தமிழில் இரு மரபுகள் உள்ளன. உறுப்பு மீண்டாலன்றி வாழ்வு மீளாது என்பது நொண்டி நாடக மரபு. உறுப்பு இருந்தவாறிருக்க, இயக்கமும் பங்கேற்பும் வேண்டும் என்பது ஊர்தி மரபு. அணியத்தக்க இயந்திரக் கருவிகளின் செயற்பாடு, சான்று, வரம்பு ஆகிய மூன்றும் அவற்றை இரண்டாம் மரபில் நிறுத்துகின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு முதல் மரபில் நிற்பதால், சிறு முன்னேற்றங்கள் மதிப்பிழக்கின்றன, நடக்காதவர் குற்றவாளியாகிறார், எளிய கருவிகள் கவனம் பெறாமற்போகின்றன.

கலைச்சொல் உருவாக்குவோரும் அறிவியல் எழுதுவோரும் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வது தேவை. ‘நடக்க வைக்கும் இயந்திரம்’ என்பதற்கும் ‘பயிற்சிக்குத் துணையாகும் இயந்திரம்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு சொல்லளவினதன்று. நோயாளி தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பீட்டின் தொலைவு அது. நொண்டி நாடகங்களை உடற்குறை ஆய்வு நோக்கில் முழுமையாக மீள்வாசிப்பதும், கைகால் செயலிழந்தோரின் தன்வரலாறுகளைத் தொகுப்பதும் இவ்வழியில் அடுத்துச் செய்யத்தக்கன. தன் கதையைத் தானே சொல்லும் உரிமையை நொண்டிக்கு அளித்தது அந்நாடகமே. அவ்வுரிமையை மட்டும் கொண்டு, கதையின் முடிவை அவரவரே எழுத விடுவது இன்றைய தேவை.